"இலவச அரிசியால் தமிழ்நாட்டில் ஏழைகள் சோம்பேறி ஆகிவிட்டார்கள்" என்று சொல்வது துணிச்சலான சமூக விமர்சனமா?

துணிச்சல் என்று எனக்குத் தோன்றவில்லை. பசித்தவனை இடித்துப் பேச என்ன துணிச்சல் வேண்டும்?

சரி, கணக்கைப் பார்ப்போம். ரேஷன் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூனிலிருந்து இலவசம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 165 கிராம். உடலுழைப்பு செய்கிறவருக்கு அது ஒரு வேளைச் சோறு, கொஞ்சம் மிஞ்சினால் காலையில் நீராகாரம். பருப்பு, எண்ணெய், கேஸ், வாடகை, பிள்ளையின் பஸ் செலவு எல்லாவற்றுக்கும் ரொக்கம்தான் வேண்டும். இதை வைத்துக்கொண்டு யார் கால்நீட்டிப் படுக்க முடியும்?

"வயலுக்கு ஆள் வருவதில்லையே" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஆள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கிறார், இல்லையென்றால் சென்னையில் சித்தாள் வேலை பார்க்கிறார். வீட்டில் அரிசி இருப்பதால், அரை வயிற்றுக் கூலிக்கு மாட்டேன் என்று சொல்ல முடிகிறது. சிலருக்கு உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் குடி. ஏழை வீடுகளை அது நாசமாக்குவது நிஜம், அதைக் கடுமையாகவே எழுதுங்கள். ஆனால் டாஸ்மாக் அரசே நடத்தும் கடை. கோபம் முதலில் அங்கே போகட்டும். விடியுமுன் எழுந்து, தூக்குவாளியில் பழைய சோறு கட்டிக்கொண்டு வேலைக்கு ஓடும் அந்த வீட்டுப் பெண்ணையும் சேர்த்து 'சோம்பேறி' என்று எழுதாதீர்கள்.