சுடோகு பாதியில் நின்றுபோனால்

கேள்வி: எளிய சுடோகுவை முடித்துவிடுகிறேன். நடுத்தரப் புதிர் பாதியில் நின்றுவிடுகிறது. குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டால், கடைசியில் ஒரே வரிசையில் இரண்டு 6 வருகிறது. என்ன செய்வது?

பதில்: இப்படி நிற்பவர்கள் பெரும்பாலும் ‘இந்தக் கட்டத்தில் எந்த எண் வரும்?’ என்று மட்டுமே பார்க்கிறார்கள். ‘இந்தப் பெட்டியில் 5 எங்கே வரும்?’ என்றும் பாருங்கள். ஒரு கட்டத்தில் 2, 5, 9 மூன்றுமே வரலாம்போல் இருக்கும். ஆனால் அந்த 3×3 பெட்டியின் மற்ற காலிக் கட்டங்களை வெளியே உள்ள 5கள் மறித்துவிட்டால், இங்கே 5தான். ஏற்கெனவே ஆறேழு இடத்தில் வந்துவிட்ட எண்ணில் தொடங்கினால் வேலை சுலபம்.

அதுவும் தீர்ந்தால் பென்சில் குறிப்பு. எல்லாக் கட்டத்திலும் எல்லா எண்ணையும் எழுதாதீர்கள். கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. ஒரு பெட்டிக்குள் ஓர் எண்ணுக்கு இரண்டே இடம் மிஞ்சினால் மட்டும், அந்த இரண்டு கட்டத்தின் ஓரத்திலும் சிறிதாகக் குறியுங்கள். இரண்டு 7 குறிப்பும் ஒரே குறுக்கு வரிசையில் விழுந்தால், எதில் வந்தாலும் அந்த வரிசையின் 7 இந்தப் பெட்டிக்குள்தான். வரிசையின் மற்ற ஆறு கட்டங்களில் 7 கிடையாது. நெடுக்கு வரிசைக்கும் இதே கணக்கு. ஒரு பெட்டியில் 3, 8 இரண்டின் குறிப்பும் அதே இரண்டு கட்டங்களில் அமைந்தால், வேறெந்த எண்ணும் அங்கே நுழைய முடியாது. நடுத்தரப் புதிரில் பூட்டுத் திறப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றால்தான்.

ஓர் எண்ணை உறுதியாக எழுதியவுடன் அந்த வரிசைகளிலும் பெட்டியிலும் அதன் குறிப்பை அழித்துவிட வேண்டும். பழைய குறிப்பை நம்பிப் போடும் எண்தான் பல பிழைகளுக்கு மூலம்.

குத்துமதிப்பு வேண்டாம். தவறான எண் உடனே காட்டிக்கொடுக்காது. பல கட்டங்கள் தள்ளித்தான் மோதும். அதற்குள் எது தவறு என்று பிரிக்க முடியாமல் போகும். சரியாக அமைத்த புதிருக்கு ஒரே விடைதான். அதற்குக் குறைந்தது 17 எண்கள் கொடுத்திருக்க வேண்டும் என்று 2012இல் கணினித் தேடலில் காட்டினார்கள். (கொடுத்த எண்கள் குறைவு என்பதாலேயே புதிர் கடினம் என்று மிரள வேண்டாம், இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை.)

இரண்டு 6 வந்த பிறகு, கடைசியாக எழுதியதை மட்டும் மாற்றிப் பயனில்லை. அச்சில் உள்ள எண்களை விட்டு மற்றதை அழித்துவிட்டுத் தொடங்குவதே விரைவு.