இயற்கை வளக் கொள்கையும் நிர்வாகமும்: பொருளியல் பட்டதாரிக்கு என்ன வழி?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் இறுதியாண்டு படிக்கிறேன். வரலாறும் வணிகவியலும் துணைப்பாடங்கள். காடு, நீர், கனிமம் போன்ற வளங்களின் கொள்கையையும் நிர்வாகத்தையும் முதுகலையில் படிக்க விரும்புகிறேன். எங்கே படிக்கலாம்? படித்தால் வனத்துறையில் உயர் அதிகாரி ஆக முடியுமா? வேறு வேலைகள் உண்டா?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவது நல்லது, ஏனெனில் அதில் தவறான நம்பிக்கையோடு இரண்டு மூன்று ஆண்டுகளைச் செலவிட்டவர்கள் பலர். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வை எழுத, தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவியமைப்பியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றையேனும் பாடமாகக் கொண்ட இளநிலைப் பட்டமோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் ஆகியவற்றில் ஒன்றில் பட்டமோ வேண்டும். வரலாற்றையும் வணிகவியலையும் துணையாகக் கொண்ட பொருளியல் பட்டம் இந்த வரம்புக்குள் வராது. சுற்றுச்சூழல் கொள்கையில் நீங்கள் பெறும் முதுகலைப் பட்டமும் அந்தக் குறையை நிரப்பாது.

ஆனால் வளங்களின் மீதான அதிகாரம் வனத்துறையிடம் மட்டுமே இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, காட்டில் வாழ்வோரின் உரிமைக் கோரிக்கை கிராம சபையில் தொடங்கி, கோட்ட அளவிலான குழுவுக்கும் பின்னர் மாவட்டக் குழுவுக்கும் செல்கிறது. முதல் குழுவுக்கு வருவாய்க் கோட்டாட்சியரும், இறுதி முடிவெடுக்கும் மாவட்டக் குழுவுக்கு ஆட்சியரும் தலைவர்கள், வனத்துறை அலுவலரோ அவற்றில் உறுப்பினர் மட்டுமே. எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய குடிமைப் பணித் தேர்வோ, தமிழ்நாடு அரசின் தொகுதி 1 தேர்வில் கிடைக்கும் துணை ஆட்சியர் பதவியோ உங்களை அந்த நாற்காலிக்கே கொண்டு போகலாம்.

நீங்கள் படிக்க விரும்பும் வளக் கொள்கை, நிர்வாகப் படிப்பு உண்மையில் எதைக் கற்பிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, உங்கள் மாவட்டத்தில் எங்கும் காணக்கூடிய ஒரு கண்மாயையே எடுத்துக்கொள்வோம். நிலம் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில், அதாவது ஊரின் நிலங்களைப் பட்டியலிடும் ஏட்டில், நீர்நிலைப் புறம்போக்காக (அரசு நிலமாக) இருக்கும். ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீரால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கரையும் நீர் திறக்கும் மடையும் உபரி நீர் வழியும் கலுங்கும் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நீர் தேங்கும் உள்வாயில் நிற்கும் கருவேல மரங்கள் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டவை என்றால், அவற்றை வெட்டி ஏலம் விடுவதில் வனத்துறைக்குப் பங்கு உண்டு. மீன்பாசிக் குத்தகை இன்னொரு கணக்கு. வண்டல் மண்ணோ சட்டத்தின் பார்வையில் சிறுகனிமம். அதை அள்ளுவதற்கான அனுமதி 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்கீழ் வருகிறது. ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியிருந்த அந்த அனுமதியை விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வட்டாட்சியரே வழங்கலாம் என்று 2024இல் விதி திருத்தப்பட்டது. திருத்தம் சில வரிகள்தான் என்றாலும், தண்ணீர் வந்து கண்மாய் நிரம்புவதற்குள் மண் வயலுக்குப் போய்ச் சேருமா சேராதா என்பதை அதுவே தீர்மானிக்கிறது. ஆக்கிரமிப்பை அகற்றுவதிலும் இதே சிக்கல்தான்: 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் அப்போது பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த நீர்நிலைகளுக்காக இயற்றப்பட்டது; ஒன்றியக் கண்மாய் என்றால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தை நாட வேண்டியிருக்கும். ஒரே நீர்ப்பரப்பின் மேல் இத்தனை கையெழுத்துகள் ஏன் வந்தன, அவற்றில் எதை மாற்றினால் யாருக்குப் பலன், யாருக்கு இழப்பு என்று ஆராய்வதே கொள்கைப் படிப்பு. அந்தக் கோப்பைத் தாமதமின்றி நகர்த்தக் கற்பது நிர்வாகப் படிப்பு.

மேல்மட்டத்திலும் இந்தப் பிரிவினை தொடர்கிறது. அரசியலமைப்பின்படி நீர் மாநிலப் பட்டியலில் இருந்தாலும் மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளை முறைப்படுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. 1976இல் வந்த 42ஆவது திருத்தம் காடுகளைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. இந்த இரண்டு செய்திகளின் பின்விளைவுகளை உணராதவருக்கு, 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும் காவிரி வழக்கும் பாதிதான் விளங்கும்.

எங்கே படிக்கலாம் என்பதற்கு வருவோம். கவனிக்க வேண்டியது பட்டத்தின் பெயரையல்ல, பாடத்திட்டத்தை. பெயரில் ‘நிலைத்த வளர்ச்சி’ என்று இருந்தும் உள்ளே சட்டத்துக்கு ஒரு பருவத்தாள்கூட இல்லாத படிப்புகள் உண்டு. வளச் சட்டம், வளப் பொருளியல், நிலத் தகவல்களைக் கணினி வரைபடத்தில் ஆராயும் புவித் தகவல் முறைமை, களப்பணியோடு கூடிய ஆய்வேடு ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சட்டமோ களப்பணியோ இல்லையென்றால் அந்தப் படிப்பைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. புவித் தகவல் முறைமை இல்லாவிட்டால், க்யூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு நீங்களே கற்றுக்கொள்ளலாம்.

பொருளியல் பின்னணியை அப்படியே தொடர விரும்பினால், சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் சுற்றுச்சூழல் பொருளியலில் பெயர் பெற்றது; கணிதம் கடினமாக இருக்கும் என்பதால் இப்போதிலிருந்தே நுண்கணிதத்தையும் புள்ளியியலையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். தில்லியில் உள்ள டெரி உயர்கல்வி நிறுவனம் வளப் பொருளியல், நீர் ஆளுகை, சுற்றுச்சூழல் சட்டம் ஆகியவற்றை ஒரே வளாகத்தில் கற்பிக்கிறது. டாட்டா சமூக அறிவியல் கழகம் மும்பையிலும் ஹைதராபாத்திலும் நீர்க் கொள்கை, இயற்கை வள ஆளுகை ஆகியவற்றில் முதுகலைப் படிப்புகளை உருவாக்கிய நிறுவனம். நீங்கள் கேட்ட தலைப்புக்கு மிக நெருங்கியது இதுவே, களப்பணியும் அங்கே பெயரளவுக்கு நடப்பதில்லை. போபாலில் 1982இல் தொடங்கப்பட்ட இந்திய வன மேலாண்மை நிறுவனம் எந்தப் பட்டதாரியையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அது ஒரு மேலாண்மைப் பள்ளி, வன அதிகாரிகளுக்கான பயிற்சி நிலையம் அல்ல. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பயிற்சி நடப்பது டேராடூனில். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் முதுநிலைப் படிப்புகள் அறிவியல் பட்டதாரிகளை மனதில் கொண்டவை என்பதால் உங்களுக்குப் பொருந்தாது.

வேலையைப் பொறுத்தவரை, ‘இயற்கை வளக் கொள்கை அலுவலர்’ என்ற பெயரில் விளம்பரம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். நபார்டு வங்கியின் நீர்ப்பிடிப்புத் திட்டப் பணிகள், கண்மாய் மராமத்தில் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கும் மதுரை தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள், ஆய்வு நிறுவனங்கள் ஆகியவை இயல்பான வாசல்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு வாசல், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்கள்: அங்கீகாரம் பெறும் நிறுவனத்தில் நிலவியல், உயிரியல் வல்லுநர்களுடன் சமூகப் பொருளாதார வல்லுநரும் இருக்க வேண்டும். அந்த அறிக்கைகளில் பெரும்பாலும் மிகச் சோம்பலாக எழுதப்படுவது சமூகப் பொருளாதார அத்தியாயம்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளை ஒட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். மேய்ச்சல், விறகு, மீன் என்று ஒரு கிராமம் புறம்போக்கிலிருந்து பெறும் வருமானத்தைக் கணக்கிடத் தெரிந்த பொருளியலாளருக்கு அங்கே மதிப்பு உண்டு.

சேர்க்கையில் காலக்கணக்கு முக்கியம். போபால் நிறுவனம் கேட்கும் மேலாண்மை நுழைவுத் தேர்வான கேட் வழக்கமாக நவம்பர் இறுதியில் நடக்கிறது. அதற்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பதிவு செய்ய வேண்டும். டாட்டா கழகம் க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வின் மூலம் மாணவரைச் சேர்க்கிறது. அதற்கான அறிவிப்பு தனியாக வரும். நேர்காணல் உள்ள இடங்களில் ‘எனக்கு இயற்கை பிடிக்கும்’ என்ற பதிலைத் தேர்வாளர்கள் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பதிலாக, உங்கள் ஊர்க் கண்மாயின் அ-பதிவேட்டு நகலையும் ஆயக்கட்டு விவரத்தையும், கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு செய்தாவது வாங்கி, பதிவேட்டில் உள்ள பரப்பும் இன்று தரையில் உள்ள பரப்பும் எவ்வளவு வேறுபடுகின்றன, அந்த வேறுபாட்டுக்கு எந்த அலுவலகம் பதில் சொல்ல வேண்டும் என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மனுவுக்குப் பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், இதை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.