கிட் மாட்டிய புல்லட் மிஸ் அடிக்கிறதா? பர்ஸை மூடி வையுங்கள்

கேள்வி: குலசேகரத்தில் இருக்கிறேன். என்னுடையது 2018 மாடல் கிளாசிக் 350, கார்புரேட்டர் வண்டி. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு ஃபில்டரும் குட்டை சைலன்சரும் சேர்ந்த கிட் மாட்டினேன். இரண்டு மாதமாக ஐடிலிங் நிற்பதில்லை. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் பட்பட்டென்று வெடிக்கிறது. பெரிய மெயின் ஜெட், ரேசிங் சி.டி.ஐ., டேப்பெட் அட்ஜஸ்ட்மெண்ட் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் கேட்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள் தம்பி.

டேப்பெட்டிலிருந்தே, அதாவது வால்வு இடைவெளியிலிருந்தே வருகிறேன். உங்கள் எஞ்சினில் இருப்பது ஹைட்ராலிக் லிஃப்டர். ஆயில் அழுத்தத்தில் இடைவெளி தானாகவே சரியாகிக்கொள்ளும், ஸ்பேனர் போட்டுத் திருப்ப அங்கே ஒன்றும் கிடையாது. அதெல்லாம் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டோடு போயிற்று. பிளக்கில் பொறி வரவைக்கும் பெட்டியான சி.டி.ஐ. கதையும் அப்படித்தான். இந்த வண்டியின் இக்னிஷன் டி.சி.ஐ. (TCI) என்ற வேறு வகை. இல்லாத வேலைக்கும் பொருந்தாத பெட்டிக்கும் விலை சொல்கிறவரிடம் ஜெட்டை மட்டும் நம்பி வாங்க முடியுமா?

ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை. மெயின் ஜெட் முக்கியமாக வேலை செய்வது ஆக்சிலேட்டரை முக்கால்வாசிக்கு மேல் முறுக்கும்போதுதான். ஐடிலிங்கையும் லேசான முறுக்கலையும் பார்த்துக்கொள்வது ஸ்லோ ஜெட். உங்களுக்குத் தொந்தரவு வருவதோ கையை எடுத்த பிறகு. மெயின் ஜெட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த வெடி நிற்காது, மைலேஜ்தான் போகும்.

அப்படியானால் எங்கே கோளாறு? எனக்குச் சந்தேகம் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் மேனிஃபோல்டு ரப்பர் மேல். கம்பெனி கொடுத்த பெட்டி இருந்தவரை கார்புரேட்டரை இரண்டு பக்கமும் தாங்க ஆள் இருந்தது. பெட்டியைக் கழற்றியதும் கார்புரேட்டர், கூம்பு ஃபில்டர் இரண்டின் கனமும் அந்த ஒற்றை ரப்பரில் தொங்குகிறது. புல்லட்டின் அதிர்வு உங்களுக்குத் தெரியும். ரப்பரில் கீறல் விட்டு அந்த வழியாகக் காற்று இழுக்கும், பெட்ரோல் பங்கு குறையும். லீன் என்று சொல்கிறோமே, அதுதான். மாட்டிய நாளில் நன்றாக ஓடிவிட்டு இரண்டு மாதமாகத்தான் தகராறு என்றால், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிடலாம். வண்டி சூடான பிறகு ஐடிலிங்கில் விட்டு, துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலால் அந்த ரப்பரைச் சுற்றி மட்டும் லேசாகத் தெளியுங்கள். வெறும் தண்ணீர் போதும். பெட்ரோல் தெளித்துப் பார்க்கச் சொல்வார்கள், தீப்பிடிக்கும், வேண்டாம். தண்ணீர் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறினால் காற்று பிடிப்பது அங்கேதான். இன்னொரு வழி, சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் ஓட்டம் சீரானால் லீன் உறுதி. பிளக்கையும் கழற்றிப் பாருங்கள், சாம்பல் வெள்ளையாக இருக்கும். இதில் பிளக் இரண்டு, எட்டாத பக்கத்தில் இருப்பதைப் பல பேர் தொடுவதே இல்லை.

புகை வெளியேறும் பெண்ட் பைப் எஞ்சின் ஹெட்டில் சேரும் இடத்து கேஸ்கட்டில் கசிவு இருந்தாலும் இப்படிப் பட்பட்டென்று வெடிக்கும். சுற்றிக் கரி படிந்திருந்தால் கேஸ்கட்டை மாற்றிவிடுங்கள்.

ரப்பர் நன்றாக இருந்து, நடு முறுக்கலிலும் வண்டி வெட்டி வெட்டி இழுத்தால் மட்டும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏனென்றால் இதில்தான் நல்ல சாமானைக் கெடுக்கிறார்கள். உங்கள் கார்புரேட்டரில் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடை மேலே தூக்குவது கேபிள் இல்லை, வேக்வம், அதாவது எஞ்சின் உறிஞ்சும் இழுப்பு. மேல் மூடிக்குள் ஒரு மெல்லிய ரப்பர் டயஃப்ரம் இருக்கும். அதைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குண்டூசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் ஸ்லைடு சரியாக ஏறாது. டயஃப்ரம் முழுசாக இருந்தால் அப்படியே திரும்ப மாட்டிவிடுங்கள். கார்புரேட்டர் கிளீனர் அதன்மேல் படவே கூடாது, பட்டால் ரப்பர் ஊதி நெளிந்துவிடும், அப்புறம் ஓரம் பள்ளத்தில் உட்காராது. ‘சர்வீஸ்’ என்ற பெயரில் மூடியைத் திறந்த கையோடு புஸ்ஸென்று அடித்துக் கெடுத்துவிட்டு, கார்புரேட்டரே போச்சு என்று கை விரிப்பவர்கள் உண்டு. ஜெட்டை ஊக்கால் குத்துவதும் இதே ரகம். துளை பெரிதானால் பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது.

‘இந்த மாற்றத்தை ஆர்.சி. புக்கில் ஏற்றித் தருகிறேன்’ என்று வருகிற புரோக்கரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. உங்கள் வண்டியில் இரண்டு மாற்றம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போகிற ஆளாக இருந்தால் இன்னும் யோசியுங்கள். மறித்து நிறுத்துவது ஓட்டுகிற பையனை. விற்கிற கடையோ அதே ரோட்டில் கலர் பல்பு போட்டுச் சைலன்சரைத் தொங்கவிட்டிருக்கிறது, கேட்பார் கிடையாது. எனக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: ரப்பரை மாற்றுங்கள், பழைய பெட்டியையும் பழைய சைலன்சரையும் மாட்டி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். தொந்தரவு நின்றுவிட்டால் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, கிட்தான் காரணம். அந்தப் பெட்டி வீட்டுப் பரணில் இருக்கிறதா, கிட் மாட்டிய இடத்திலேயே விட்டுவிட்டு வந்தீர்களா? விட்டிருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள். தாமதித்தால் அது வேறு யார் வண்டியிலாவது ஏறியிருக்கும்.