ஐப்பசி மழையில் வீட்டில் இருப்பதா, வெளியேறுவதா?

கேள்வி: குன்னூருக்கு அருகே, தேயிலைச் சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் ஐந்து பேர் வசிக்கிறோம். 78 வயதான என் மாமியாரால் பிடிமானம் இல்லாமல் நடக்க முடியாது; தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஐப்பசி மழை வலுக்கும்போதெல்லாம், முகாமுக்குப் போவதா, வீட்டிலேயே இருப்பதா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வருகிறது. எதைக் கொண்டு முடிவு செய்வது? என்னென்ன எடுத்து வைப்பது?

பதில்: அந்த வாக்குவாதத்தை மழை நாளுக்கு விட்டுவைக்காமல், வெயில் காயும் ஒரு நாளில் மாமியாரையும் உட்கார வைத்துக்கொண்டு பேசி முடித்துவிடுங்கள். நடக்க முடியாதவரை இருட்டில், வழுக்கும் படிகளில் தாங்கிக்கொண்டு இறங்குவது மிகவும் ஆபத்தானது. ஆகவே கனமழை எச்சரிக்கை வந்த அன்றே, பொழுது சாய்வதற்குள், சரிவில் இல்லாத உறவினர் வீட்டுக்கோ முகாமுக்கோ அவர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மழை பொய்த்துப்போனாலும், ஓர் இரவு வேறிடத்தில் தங்கியதைத் தவிர உங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை.

மற்றவர்கள் எப்போது கிளம்புவது என்பதை மழையின் இரைச்சலைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்ணைப் பாருங்கள். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொடர் மழையில் மண்ணுக்குள் இறங்கும் நீர் அதன் எடையைக் கூட்டிப் பிடிப்பைத் தளர்த்திவிடுவதால், மழை ஓய்ந்த பிறகும் சரிவு பெயரலாம். தடுப்புச் சுவர் வயிறு தள்ளுவது, தரையிலோ சுவரிலோ புதிய விரிசல் தெரிவது, நேற்று வரை எளிதாக மூடிய கதவு இன்று நிலையில் சிக்குவது, மரமோ மின்கம்பமோ சாய்வது, ஓடை நீர் திடீரெனக் கலங்குவது அல்லது குறைவது என இவற்றில் ஒன்றைக் கண்டாலும், பொருள்களைத் தேடிக்கொண்டிராமல் வெளியேறுங்கள். சரிவு வரக்கூடிய பாதையிலிருந்து பக்கவாட்டில் விலக வேண்டும். ஓடை வழியாக இறங்கவே கூடாது. தடுப்புச் சுவரின் நீர்த்துளைகளைச் செடியும் மண்ணும் அடைத்திருந்தால், மழைக்காலத்துக்கு முன்பே சுத்தம் செய்துவிடுங்கள்.

பையில் ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவை நீர் புகாத உறைக்குள் இருக்கட்டும். டார்ச், பவர் பேங்க், சில்லறைப் பணம், கம்பளி, ஒரு வாரத்துக்கான மருந்து ஆகியவையும் வேண்டும். இன்சுலினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான வகைகள், நம் மலைக் குளிரில், ஃபிரிட்ஜ் இல்லாமலே சுமார் நான்கு வாரம் கெடாமல் இருக்கும். ஊசிகளையும் சர்க்கரை குறைந்தால் கொடுக்கச் சிறிது இனிப்பையும் மறந்துவிடாதீர்கள். கிளம்பும்போது மெயின் சுவிட்சையும் சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதை மாமியாரின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு கோத்தகிரியில் சமதளத்தில் இருக்கிறது. சாலை அடைபட்டு, மின்சாரமும் இல்லாமல் இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க நேர்ந்தால் என்ன செய்வது?

பதில்: ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வீதம் குடிநீரை மூடிய பாத்திரங்களில் நிரப்பி வையுங்கள், அது தீர்ந்தால் மழைநீரை வடிகட்டி, கொதிக்க வைத்துக் குடிக்கலாம். அவல், பொரிகடலை, நிலக்கடலை போன்று அடுப்பு மூட்டாமல் உண்ணக்கூடியவை போதும். எனக்கு அஞ்சத்தக்கதாகத் தோன்றுவது குளிருக்காக நாம் மூட்டும் கரி அடுப்புதான். கதவையும் சன்னலையும் அடைத்த அறைக்குள் கரி எரிந்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு நிறைந்து, உறங்குபவர்கள் உறக்கத்திலேயே இறந்துவிடுகிறார்கள். புகை வராத கனல்கூட அந்த வாயுவை வெளியிடும். ஆகவே கனலை ஒருபோதும் படுக்கையறைக்குள் கொண்டுவராதீர்கள். எல்லோரும் ஒரே அறையில், கம்பளிகளைப் போர்த்தி, நெருங்கிப் படுங்கள். யாருக்கேனும் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் தோன்றினால் உடனே அனைவரும் வெளிக்காற்றுக்கு வந்து 108-ஐ அழையுங்கள்.