கோத்தகிரி ஏற்றத்துக்கும் வாய்க்கால் கரைக்கும் ஒரே சைக்கிள்

வணக்கம். வார நாள்களில் அவிநாசி சாலையில் வேகப் பயிற்சி, ஞாயிறுகளில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற்றம், அவ்வப்போது வாய்க்கால் கரை மண்பாதை ஆகிய மூன்றுக்கும் ஏரோ (காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் வடிவமுள்ள) கார்பன் ஃபிரேம் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. ஏரோ வடிவத்தின் ஆதாயம் வேகம் கூடக் கூடத்தான் தெரியும். மணிக்கு 10 கி.மீ. அளவில் ஏறும் மலைப்பாதையில் அதற்கு அநேகமாக வேலையே இல்லை. ஏறத்தாழ 33 கி.மீ. தூரத்தில் 1,400 மீட்டர் அளவுக்கு உயரும் அந்தச் சாலையில் உங்கள் முழங்காலைக் காப்பது ஃபிரேமின் எடையைவிடக் கியர்தான். முன்னால் 50/34 (50, 34 பற்கள் கொண்ட இரு பல்சக்கரங்கள்), பின்னால் 11-34 (11 முதல் 34 பற்கள் வரையுள்ள பல்சக்கரத் தொகுப்பு) இருந்தால், மிக இலகுவான கியரில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரமும் ஒரே சுற்றுதான் சுற்றும், உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம்.

ஆகவே மண்பாதைக்கும் ஏற்ற 35 மி.மீ. அகல டயருக்கு இடம் விடும் எண்டூரன்ஸ் (நீண்ட தூரம் அலுப்பில்லாமல் ஓட்டுவதற்கான) ஃபிரேமைப் பாருங்கள், அலுமினியமானாலும் குறையில்லை. முன் ஃபோர்க்கில் தாராளமாக இடம் இருந்தும், பின்பக்கம் செயின்ஸ்டே (பெடல் அச்சுப் பகுதியிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்கள்) இடுக்கில் டயர் உரசும் மாடல்கள் உண்டு என்பதால், கடையில் அந்த இடத்தைக் குனிந்து பார்த்துவிடுங்கள். டிஸ்க் பிரேக் கட்டாயம் வேண்டும். நீண்ட இறக்கத்தில் கார்பன் ரிம்மை ரிம் பிரேக்கின் ரப்பர் கட்டையால் பிடித்துக்கொண்டே வந்தால் சூட்டில் ரிம் சேதமாகலாம். பணம் மிஞ்சினால், 28 மி.மீ. டயர் பூட்டிய இன்னொரு ஜோடிச் சக்கரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவிநாசி சாலைக்கும் அதே வண்டி போதும்.