கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு முழு மயக்கம் கொடுக்கலாமா?

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 61. ஹெபடைடிஸ் பி-யால் கல்லீரல் சுருங்கியிருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். "முழு மயக்கம் கொடுத்தால் கல்லீரல் தாங்காது, கண் விழிக்க மாட்டார்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவதால் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்: அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஹாலோதேன் என்ற மயக்க வாயு பரவலாகப் புழங்கியது. அபூர்வமாகச் சிலருக்கு அது கல்லீரலைக் கடுமையாகப் பாதித்தது. இப்போது கொடுக்கும் செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் இரண்டும் பெரும்பாலும் மூச்சு வழியாகவே வெளியேறிவிடும். தசைகளைத் தளர்த்தும் சிஸ்அட்ராகூரியம் கல்லீரலின் உதவியில்லாமல் தானாகவே சிதையும். அதனால் மருந்தைத் தேர்ந்தெடுப்பது எங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்கினால் கல்லீரலுக்குப் போகும் ரத்தமும் குறையும், நலிந்த கல்லீரலுக்கு அதுதான் ஆபத்து. அதனால் அழுத்தத்தை விடாமல் கவனிப்போம்.

அப்பாவின் கல்லீரல் இன்று எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர், வயிற்றில் நீர், மனக்குழப்பம் ஆகிய ஐந்தையும் பார்த்து சைல்ட்-பியூ மதிப்பெண் போடுவோம். 5, 6 வந்தால் ஏ பிரிவு. திட்டமிட்ட ஆபரேஷனைப் பெரும்பாலும் செய்யலாம். 7 முதல் 9 வரை பி. வயிற்று நீரைக் குறைத்து, உடம்பைத் தேற்றி, அப்புறம் செய்வோம். 10-உம் அதற்கு மேலும் சி. உயிர்காக்கும் தேவை இருந்தாலொழிய தவிர்க்கவே பார்ப்போம்.

ஆனால் பயத்துக்காகத் தள்ளிப்போடுவது சரியில்லை. குடல் சிக்கிக்கொண்டால் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் அவசரமாகச் செய்ய வேண்டிவரும். இவரைப் போன்றவர்களுக்கு அதில்தான் ஆபத்து பல மடங்கு.

"முதுகில் ஊசி போட்டால் போதாதா?" என்றும் கேட்பார்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து, ரத்தம் உறையத் தாமதமானால் தண்டுவடத்தருகே ரத்தம் கட்டலாம். அப்படி இருப்பவருக்கு முழு மயக்கமே பாதுகாப்பு.

ஹெபடைடிஸ் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் வைரஸ் மறுபடி தலைதூக்கும். கீழாநெல்லி, ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, சின்சே (சீன வைத்தியர்) கடை மருந்து எதுவானாலும் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதையும். மனைவி பக்கத்தில் இருந்தால் பல அப்பாக்கள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள், எனவே தனியாகப் பேச விடுங்கள்.

வலிக்கு பெனடோல் (பாராசிட்டமால்) கொடுக்கலாம்; ஆனால் பொதுவாக நாளைக்கு 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு மேல் வேண்டாம். பொன்ஸ்தான், டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் தொடவே கூடாது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக்கசிவும் வரும். மலச்சிக்கல் வந்தால் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி பற்றிக் கேளுங்கள். பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, பேச்சு குழறினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.