வீட்டில் பிரிண்டிங் தொழில்: எந்த மிஷினை முதலில் வாங்குவது?

கேள்வி: நான் ஒரு டி.டி.பி. கடையில் ஆறு வருடம் டிசைன் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு வெளியே போக முடியவில்லை. வீட்டோடு சேர்ந்த கார் ஷெட் காலியாக இருக்கிறது, கையில் மூன்று லட்சம் இருக்கிறது. ஒருவர் பழைய ஃப்ளெக்ஸ் மிஷினைத் தவணையில் தருகிறேன் என்கிறார். தம்பி, டி-ஷர்ட்டுக்கு ஃபிலிமில் அடிக்கும் டி.டி.எஃப். மிஷின்தான் இப்போது ஓடுகிறது என்கிறான். சிலர் மக் பிரிண்டிங் போதும் என்கிறார்கள். எதில் இறங்கலாம்? லைசென்ஸ், லோன் விவரமும் சொல்லுங்கள். – திருச்செங்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: மூன்றுமே இப்போதைக்கு வேண்டாம். வாங்குவதாக இருந்தால் 24 அங்குல கட்டிங் பிளாட்டர் ஒன்று வாங்குங்கள். ரேடியம் ஸ்டிக்கர் கடைகளில் ஷீட்டில் எழுத்து வெட்டும் மிஷினைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். மற்ற பிரிண்டிங் எல்லாவற்றையும் வெளியே கொடுத்து வாங்குங்கள்.

இந்தத் தொழிலில் மிஷின்கள் இரண்டு ஜாதி. ஒன்று, ஓடாமல் நின்றால் கெட்டுப்போவது. இன்னொன்று, எத்தனை நாள் நின்றாலும் ஒன்றும் ஆகாதது. இங்க் ஊற்றுகிற எதுவும் முதல் ஜாதி. நான்கு நாள் ஆர்டர் இல்லையென்றால் இங்க் தெளிக்கும் ஹெட்டில் அது காய்ந்து, பிரிண்டில் கோடு விழும். டி.டி.எஃப்.பில் வெள்ளை இங்க் இன்னும் மோசம். அதிலிருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு அடியில் படிந்துகொண்டே இருக்கும். ஆர்டர் இருக்கிறதோ இல்லையோ, தினமும் கிளீனிங் ஓட்டி இங்க்கைச் சாக்கடையில் விட வேண்டும். குழந்தைக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்து நீங்கள் ஷெட் பக்கமே போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஹெட் போயிருக்கும். ஹெட் விலைதான் அந்த மிஷினில் பெரிய விலை. பிளாட்டரில் இங்க்கே இல்லை. ஒரு சின்ன பிளேடு, ஒரு மோட்டார், அவ்வளவுதான். ஒரு மாதம் துணி போட்டு மூடி வைத்தாலும், திறந்த அன்றே வெட்டும். வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஃப்ளெக்ஸ் மிஷினைப் பற்றி இன்னும் கொஞ்சம். பத்து அடி மிஷின் உங்கள் ஷெட்டை முழுதாக அடைத்துக்கொள்ளும். சால்வென்ட் வாடை வீட்டுக்குள் வரும், சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது. ஊரில் ஏற்கனவே சதுர அடிக்குச் சில்லறைக் காசில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்தபோது, அதை அச்சடித்த கடைக்கும் சீல் வைத்தார்கள். அனுமதியில்லாத பேனர் விவகாரத்தில் கட்டியவரோடு அடித்தவரையும் கேட்பார்கள் என்பது அதிலிருந்து எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காதணி விழா, கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஆர்டர் வந்தால் விட வேண்டாம். டிசைன் நீங்கள் போடுங்கள், ஃபைலை ஈரோட்டிலோ திருச்செங்கோட்டிலோ மிஷின் வைத்திருப்பவருக்கு அனுப்புங்கள். கண்ணீர் அஞ்சலிக்கு விடிகாலை நாலு மணிக்கு போன் வரும். வீட்டில் இருக்கிற டிசைனருக்கு அதுவே ஒரு லாபம், அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது.

விசிட்டிங் கார்டு, பில் புக், காலண்டருக்கு சிவகாசி இருக்கிறது. அங்கே பலருடைய கார்டுகளை ஒரே ஷீட்டில் சேர்த்து ஆஃப்செட்டில் அடிப்பதால், ஆயிரம் கார்டு வரும் விலைக்கு நம் வீட்டு பிரிண்டரில் இங்க் செலவுகூடத் தேறாது. டி-ஷர்ட் கேட்டால் டி.டி.எஃப். ஃபிலிமை மீட்டர் கணக்கில் திருப்பூரில் அடித்து வாங்கி, ஹீட் பிரஸ் என்ற சூட்டில் அழுத்தும் மிஷினில் நீங்கள் துணியில் ஏற்றிக் கொடுக்கலாம். ஹீட் பிரஸ்ஸும் நின்றால் கெடாத ஜாதிதான், இரண்டாவதாக வாங்க வேண்டியது அது. மக் பிரிண்டிங்கில் கூட்டம் அதிகம். தவிர, மக்கில் படத்தைச் சூட்டில் ஏற்றும் சப்ளிமேஷன் முறை பாலியஸ்டரிலும் கோட்டிங் கொடுத்த மக்கிலும்தான் பிடிக்கும், காட்டன் துணியில் நிற்காது. இதைத் தெரியாமல் மிஷின் வாங்கி, முதல் ஆர்டரே காட்டன் பனியனாக வந்து முழித்தவர்கள் உண்டு.

சரி, பிளாட்டர் வைத்து என்ன செய்வது? நீங்கள் இருக்கும் ஊர் அப்படி. போர்வெல் ரிக் வண்டி, லாரி, பாடி கட்டும் பட்டறை என்று வண்டியை நம்பியே பாதி ஊர் ஓடுகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் முன் கண்ணாடியில் குலதெய்வம் பெயர், கதவில் கம்பெனி பெயரும் போன் நம்பரும், பின்னால் பிள்ளைகள் பெயர். பட்டறைக்காரர் இரண்டு பேர் உங்களைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு வாரம் தூக்கம் இருக்காது.

மிஷின் சுமார் இருபத்தைந்து, முப்பதாயிரத்துக்குள் சீனத் தயாரிப்பில் கிடைக்கும். ஓரம் பார்த்து வெட்டும் கேமரா வசதி இருந்தால் கொஞ்சம் கூடும். அதை வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பிரிண்ட் செய்த ஸ்டிக்கரை வடிவமாக வெட்ட உதவும். பிளேடில் 45 டிகிரி சாதாரண வினைல் ஸ்டிக்கர் ஷீட்டுக்கு, 60 டிகிரி தடித்த ரிஃப்ளெக்டிவ் ஷீட்டுக்கு. புது ரோல் மாட்டும்போதெல்லாம் ஓரத்தில் சின்னச் சதுரம் ஒன்று வெட்டிப் பாருங்கள். வினைல் தனியாக உரிய வேண்டும், அடியிலிருக்கும் பேப்பரில் லேசாகக் கீறல் மட்டும் தெரிய வேண்டும். பேப்பரும் அறுந்தால் அழுத்தம் அதிகம்.

டி.டி.பி.யில் இருந்த உங்களுக்கு ஃபாண்ட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பேப்பரில் அடிப்பதும் கத்தியால் வெட்டுவதும் வேறு. தமிழ் ஃபாண்ட்களில் ‘கி’, ‘தி’ போன்றவற்றில் கொக்கி எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். திரையில் ஒரே கறுப்பாகத் தெரியும். பிளாட்டருக்கு அது இரண்டு தனி வடிவம், இரண்டின் கோட்டையும் வெட்டும், உரிக்கும்போது எழுத்துக்கு நடுவில் துண்டு வரும். அதனால் எழுத்தை கர்வ்ஸ் (கோட்டு வடிவம்) ஆக்கிய பிறகு, வடிவங்களை ஒன்றாக்கும் வெல்ட் கொடுக்காமல் எந்தத் தமிழ் வரியையும் மிஷினுக்கு அனுப்பாதீர்கள். அப்புறம் புள்ளி. அரை அங்குல எழுத்தில் புள்ளி கடுகளவு வரும், தேவையில்லாத வினைலை உரிக்கும்போது கூடவே பறந்துவிடும். ‘முருகன்’ வண்டியில் ‘முருகன’ என்று போய் நிற்கும். சின்ன எழுத்து என்றால் புள்ளிகளை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து ஒரு சுற்று பெரிதாக்கிவிடுங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

வாட்ஸ்அப்பில் வரும் பெயர் யூனிகோடில் இருக்கும். கடையில் நீங்கள் பழகியது யூனிகோடு அல்லாத பாமினி ஃபாண்டாக இருக்கலாம். மாற்றும்போது ‘ஸ்ரீ’யும், ‘கொ’, ‘கோ’ வரிசையும் உடையும், அந்த இரண்டை மட்டும் கண் வைத்துப் பாருங்கள். கோரல்டிரா சந்தா கட்ட இப்போது முடியாது என்றால் இன்க்ஸ்கேப் என்ற டிசைன் சாஃப்ட்வேர் இலவசம், யூனிகோடு தமிழும் அதில் ஒழுங்காக வரும். திருட்டு கோரல் வேண்டாம். பில் போட்டுத் தொழில் செய்யப் போகிறவர் வீட்டில் அது ஒரு தலைவலியாக இருக்க வேண்டியதில்லை.

ஒட்டுவதில் இரண்டு விஷயம். பட்டறையில் நேற்று பெயிண்ட் அடித்த கதவில் இன்று ஒட்டாதீர்கள். பெயிண்டிலிருந்து ஆவி வெளியேறிக்கொண்டிருக்கும், ஸ்டிக்கர் குமிழ் குமிழாக எழும். பெயிண்ட் நன்றாக இறுகும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். வண்டிக்காரர் அவசரப்பட்டால், குமிழ் வந்தால் நான் பொறுப்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரிய எழுத்துக்கு சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுங்கள், கோணல் விழுந்தால் நகர்த்த முடியும்.

எதையெல்லாம் வெட்டிக் கொடுக்கக் கூடாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட் கேட்பார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் வரும் புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்புப் பதிவெண் தகடு கட்டாயம், அது அங்கீகாரம் பெற்றவர்களிடமிருந்துதான் வர வேண்டும். கார் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடுத்துவிட்டது. ‘பிரஸ்’, ‘போலீஸ்’ ஸ்டிக்கருக்கு எதிராகச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே மாதம் முதல் அபராதம் போடத் தொடங்கியது. யார் என்றே தெரியாதவருக்கு அதை வெட்டிக் கொடுத்து என்ன கிடைக்கப்போகிறது? லாரிக்கு முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒட்டும் பட்டை வேறு கணக்கு. எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்றுக்கு அங்கீகாரம் பெற்ற டேப்தான் செல்லும். உங்கள் ரோலில் இருக்கும் சாதாரண ரேடியத்தை வெட்டி ஒட்டினால் வண்டி திரும்பி உங்கள் வீட்டு வாசலுக்கே வரும்.

கடைப் பெயர்ப்பலகையில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 1948-ஆம் ஆண்டு விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, மற்ற மொழி 2 என்பது அரசு சொல்லும் அளவு. ஆங்கிலத்தில் மட்டும் போர்டு வைத்திருக்கும் கடைகளை ஒருநாள் மாலை நடந்தே எண்ணிப் பாருங்கள், உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் கிடைத்துவிடும். ஆனால் ஒன்று. சன்போர்டு எழுத்து கேட்டால், அக்ரிலிக் வெட்டும் லேசர் கடையில் அதைக் கொடுத்து வெட்டச் சொல்லாதீர்கள். சன்போர்டு பி.வி.சி., லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது நுரையீரலையும் கெடுக்கும், மிஷினையும் அரிக்கும். அதற்கு, சுழலும் பிட்டால் வெட்டும் ரூட்டர் மிஷின் வைத்திருப்பவரைப் பிடியுங்கள்.

விலை போடுவதில்தான் வீட்டில் தொழில் செய்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். வேனின் பின்கண்ணாடிக்கு நாலு அடி நீளம், ஓர் அடி உயரத்தில் பெயர் என்று வையுங்கள். நாலு சதுர அடி என்று கணக்குப் போட்டு விலை சொல்வீர்கள். ரோல் இரண்டு அடி அகலம், அதிலிருந்து வெளியே வருவது எட்டு சதுர அடி. மிச்ச நாலு சதுர அடி அதே நிறத்தில் அடுத்த ஆர்டர் வந்தால்தான் காசு, வராவிட்டால் குப்பை. வெட்டப் பத்து நிமிடம், உரிக்க முக்கால் மணி நேரம், போய் ஒட்டிவிட்டு வர ஒன்றரை மணி நேரம். மேலே ஒட்டும் அப்ளிகேஷன் டேப்புக்கும் காசு. வினைல் விலையை இரண்டால் பெருக்கிச் சொன்னால் கூலி கிடைக்காது. உங்கள் நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று முதலில் முடிவு செய்துகொண்டு, பொருளை அதன் மேல் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி அட்வான்ஸ் வராமல் பிளாட்டர் சுவிட்சைப் போடாதீர்கள். பெயர், போன் நம்பர் சரிபார்த்து ‘ஓகே’ என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள், போனில் சொன்னால் செல்லாது.

தேர்தல் நேரத்து நோட்டீஸ், போஸ்டர் ஆர்டர் எடுத்தால் இன்னும் கவனம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 127ஏ பிரிவுப்படி அதில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவரிடமிருந்து, அவரைத் தெரிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை இரண்டு பிரதி வாங்க வேண்டும். அச்சடித்த பிறகு அதில் ஒன்றை, நோட்டீஸ் பிரதி ஒன்றோடு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது 2,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். வெளியில் கொடுத்து அடிக்கிறேன் என்றாலும், யார் பெயர் அச்சகமாகப் போகிறது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பதிவுகள் பெரிய விஷயமில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு ஆதார் வைத்து நீங்களே இணையத்தில் செய்யலாம், காசு கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இடைத்தரகர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஜி.எஸ்.டி. சேவைக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம்வரை கட்டாயமில்லை, பொருள் விற்பனை மட்டும் என்றால் 40 லட்சம். உங்கள் வேலை இரண்டும் கலந்தது, 20 லட்சத்தையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சி எல்லைக்குள் இருந்தால் தொழில் உரிமம் பற்றி அங்கே கேளுங்கள். கரண்ட் விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டு இணைப்பில் வியாபாரம் செய்தால் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில், அனுமதியில்லாத உபயோகம் என்று உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு போடலாம். பிளாட்டர் இழுப்பது கொஞ்சம்தான், ஹீட் பிரஸ் வந்தால் மீட்டர் ஓடும். ஷெட்டுக்குத் தனி வணிக இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

லோனைப் பொறுத்தவரை, இந்த அளவுத் தொழிலுக்கு கையில் இருக்கும் மூன்று லட்சத்தில் பாதிகூடச் செலவாகாது. மீதியை வங்கியிலேயே வையுங்கள். ஆர்டர் சீராக வந்து, சொந்த பிரிண்டர் அவசியம் என்ற நிலை வரும்போது மாவட்டத் தொழில் மையம் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்கு மானியம் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம், சொந்தப் பணம் 5 சதவீதம். ஆனால் அந்த மானியம் கையில் வராது. வங்கியிலேயே மூன்று ஆண்டு டெபாசிட்டாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான் அது கிடைக்கும். ஆகவே பிளாட்டர் வாங்குவதற்கு முன்பே தொழில் மையத்தில் ஒருமுறை உட்கார்ந்து, இப்போது சொந்தப் பணத்தில் தொடங்கினால் பின்னால் இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் முத்ரா கடன் இருக்கிறது. அதில் சிஷு பிரிவில் 50,000 வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம்வரை கிடைக்கும், மானியம் கிடையாது. வங்கிக்குப் போகும்போது மிஷின் கொட்டேஷனோடு, ஆறு மாதம் பணம் வந்து போன கணக்கும் காட்டினால் பேச்சு சுலபம். அதனால் முதல் ஸ்டிக்கர் ஆர்டரிலிருந்தே வீட்டுச் செலவுக் கணக்கில் கலக்காமல், தொழிலுக்கென்று தனிக் கணக்கு திறந்து ஜிபே பணத்தை அதில் வாங்குங்கள்.